மொரப்பூரில் ஓடிய குட்டி ரயிலை மேஜை மேல் ஓட்ட முடியுமா? பாதி வழியில் நிற்கும் மாடல் இன்ஜின்கள் சொல்லும் பாடம்!

மொரப்பூர் ரயில் நிலையத்தில் நிற்பவர்களுக்கு வண்டி வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். தண்டவாளம் லேசாக முனகத் தொடங்கும். மேலே மின்கம்பி அதிரும். அடுத்த சில நொடிகளில் சென்னை - கோவை வந்தே பாரத் வெள்ளையாய் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போயிருக்கும். அது இங்கே நிற்காது. பறந்த தூசு அடங்கியதும், பிளாட்பாரத்தில் பைகளோடு காத்திருப்பவர்கள் மறுபடியும் செல்போனைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். அவர்களுக்கான வண்டி இனிமேல்தான் வரும்.

அப்படிக் காத்திருப்பவர்களில் பலர் மொரப்பூர்க்காரர்கள் இல்லை. தருமபுரியிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். தருமபுரி மாவட்டத் தலைநகரம்தான். அங்கேயும் ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால், அது சேலம் - பெங்களூரு பாதையில் இருக்கிறது. சென்னையையும் கோவையையும் இணைக்கும் பெரிய பாதை ஜோலார்பேட்டையிலிருந்து சாமல்பட்டி, மொரப்பூர், பொம்மிடி என்று இந்தப் பக்கமாகச் சேலம் போய்விடுகிறது. அதனால் தருமபுரிக்காரர்கள் பலருக்குச் சென்னைப் பயணம் தொடங்கும் இடம் மொரப்பூர்தான்.

இதில் ஒரு விநோதம் உண்டு. இன்று பஸ்ஸில் வரும் இதே தூரத்தை, இவர்களின் கொள்ளுத் தாத்தாக்கள் ரயிலிலேயே வந்தார்கள்!

இரண்டரை அடி ரயில்

1906-ம் ஆண்டு. தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தில் ஒரு தாலுகா. தனி மாவட்டம் ஆனது 1965-ல்தான். மழை பொய்த்தால் பஞ்சம் வந்துவிடும் வறண்ட பூமி. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுவர வழி வேண்டும் என்பதற்காகவே மெட்ராஸ் மாகாணத்தில் சில ரயில் பாதைகள் போடப்பட்டன. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குப் போடப்பட்டது அப்படி ஒரு பாதை. அதற்கு ஓராண்டு முன்பு, 1905-ல், திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இதே மாதிரி ஒன்று வந்திருந்தது.

இரண்டுமே குட்டிப் பாதைகள். தண்டவாளங்களுக்கு இடையே வெறும் இரண்டரை அடி, அதாவது 762 மி.மீ. பக்கத்திலேயே ஓடும் அகலப் பாதை 1,676 மி.மீ. அதில் பாதிக்கும் குறைவு. குறுகலான பாதை என்றால் செலவும் குறைவு. சிறிய பாலம் போதும், மெல்லிய தண்டவாளம் போதும், வளைவுகளை இறுக்கமாகப் போடலாம். இன்ஜினும் சின்னது, பெட்டியும் சின்னது. சென்னையிலிருந்து பெரிய ரயிலில் வந்து மொரப்பூரில் இறங்கி, குட்டி ரயிலுக்கு மாறினால் சுமார் 30 கி.மீ தூரத்தில் தருமபுரி. 1913-ல் பாதை தருமபுரியையும் தாண்டி ஓசூர் வரை நீண்டது. மொரப்பூர் ஒரு முழு ஜங்ஷனாக இருந்த காலம் அது.

35 வருடங்கள் ஓடியது குட்டி ரயில். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-ல் பாதை மூடப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்த்து எடுக்கப்பட்டன. பெரிய பாதை மட்டும் மிஞ்சியது. மொரப்பூர் ஜங்ஷன், வழியில் வரும் ஒரு நிலையமாகச் சுருங்கியது.

இன்று அந்த ரயிலில் போன நினைவு உள்ளவர்கள் தொண்ணூறு வயதை நெருங்கியிருப்பார்கள், அல்லது தாண்டியிருப்பார்கள். அந்த ரயிலை இனிப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே வழிதான். யாராவது அதைச் சின்னதாகச் செய்து, ஒரு மேஜை மேல் ஓடவிட வேண்டும்.

87-ல் ஒரு பங்கு

உலகம் முழுக்க மாடல் ரயில் பிரியர்கள் அதிகம் பயன்படுத்தும் அளவு ‘எச்.ஓ’. நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-ல் திறக்கப்பட்ட ‘மினியேச்சர் வுண்டர்லேண்ட்’ என்ற புகழ்பெற்ற காட்சிக்கூடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள் ஓடுவது இந்த அளவில்தான்.

மொரப்பூர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 762 மி.மீ பாதையை 87-ஆல் வகுத்தால் 8.76. கிட்டத்தட்ட 9 மி.மீ. கடையில் 9 மி.மீ மாடல் தண்டவாளம் தயாராகவே கிடைக்கிறது! நம் அகலப் பாதைக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. அதற்கு 19.3 மி.மீ வேண்டும். ஆனால், எச்.ஓ தண்டவாளம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளுக்காக 16.5 மி.மீ அகலத்தில் செய்யப்படுவது. வந்தே பாரத்தை எச்.ஓ மாடலாக ஓட்டுகிறவர் காலடியில் கொஞ்சம் பொய்யோடுதான் ஓட்ட வேண்டும். மொரப்பூரின் குட்டி ரயிலை உண்மைக்கு மிக அருகில் செய்துவிடலாம்.

இடம் மட்டும்தான் தலைவலி. மொரப்பூர் - தருமபுரி தூரத்தை அப்படியே 87-ஆல் வகுத்தாலும் ஏறத்தாழ 345 மீட்டர் வருகிறது. தெருவே போதாது. மாடல் கட்டுகிறவர்கள் அதனால் தூரத்தைச் சுருக்கிக்கொள்வார்கள். ஒரு முனையில் மொரப்பூர், மறுமுனையில் தருமபுரி, நடுவே ஒரு புளியமரம், ஒரு கேழ்வரகு வயல், ஒரு சின்னப் பாலம். ஒரு கதவை எடுத்துப் படுக்கப் போட்ட அளவு பலகை போதும்.

இன்ஜினுக்கு என்ன செய்வது? கடையில் போய் ‘மொரப்பூர் இன்ஜின் ஒன்று கொடுங்கள்’ என்று கேட்க முடியாது. இந்த அளவில் கிடைப்பவை பெரும்பாலும் ஐரோப்பிய இன்ஜின்களின் மாடல்கள். அதன் அடிப்பாகத்தை வைத்துக்கொண்டு, மேலே உடம்பை மட்டும் அட்டையிலோ பித்தளைத் தகட்டிலோ கட்டிக்கொள்ள வேண்டும். ‘என்’ என்று சொல்லப்படும் இன்னும் சின்ன அளவு ரயில்களும் இதே 9 மி.மீ தண்டவாளத்தில் ஓடுவதால், அவற்றின் சக்கரமும் மோட்டாரும்கூட இங்கே உதவும்.

எல்லாம் சேர்ந்துவிட்டது. பலகை தயார். மின்சாரம் கொடுத்தாயிற்று. இன்ஜின் கிளம்புகிறது. அரை அடி போகிறது. நின்றுவிடுகிறது.

ஏன் நிற்கிறது?

மாடல் ரயில் வாங்கியவர்கள் எல்லோரும் சந்திக்கும் தருணம் இது. விரலால் லேசாகத் தட்டினால் ஓடும். மறுபடி நிற்கும். ஒரு வாரம் தட்டித் தட்டி ஓட்டிவிட்டு, ‘இன்ஜின் சரியில்லை’ என்று அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவார்கள்.

இதில் குழந்தைகள் கேட்கும் ஒரு கேள்விக்குப் பெரியவர்கள் திணறுவார்கள். திருவிழாக் கடையில் வாங்கிய பேட்டரி ரயில் மண் தரையில்கூட ஓடுகிறது. அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய மாடல் ஏன் பலகையிலேயே நிற்கிறது?

காரணம் எளிது. பேட்டரி ரயில் தன் சாப்பாட்டை மடியில் கட்டிக்கொண்டு போகிறது. மாடல் இன்ஜினோ ஒவ்வொரு நொடியும் தண்டவாளத்திடம் கையேந்த வேண்டும். ஒரு தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக மின்சாரம் ஏறி, மோட்டாரைச் சுற்றிவிட்டு, மறுபக்கச் சக்கரம் வழியாக அடுத்த தண்டவாளத்தில் இறங்க வேண்டும். சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தைத் தொடும் இடம் ஊசி முனை அளவுதான். அங்கே ஒரு துளி அழுக்கு இருந்தால் போதும், வண்டி நின்றுவிடும்.

பெரிய ரயிலுக்கு ஏன் இந்தத் தொல்லை இல்லை? மொரப்பூரில் மேலே போகும் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். இன்ஜின் தலையில் இருக்கும் பேண்டோகிராஃபுக்கும் கம்பிக்கும் நடுவே சின்ன இடைவெளி விழுந்தாலும் மின்சாரம் தாவிப் போய்விடும். இரவில் அந்த இடத்தில் நீலமாய்ப் பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாடல் ரயிலுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 12 வோல்ட் அளவுதான். தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலத்தைத் தாண்டக்கூட அதற்குத் தெம்பு இல்லை.

அடுத்தது எடை. மொரப்பூரைக் கடக்கும் டபிள்யூ.ஏ.பி-7 வகை மின்சார இன்ஜினின் எடை 123 டன். அந்தக் கனம் சக்கரத்தைத் தண்டவாளத்தில் அழுத்திப் பிடிக்கிறது. நீளத்தை 87-ல் ஒரு பங்கு ஆக்கினால், அகலமும் உயரமும் அப்படியே சுருங்கும். அதனால் எடை 87-ல் ஒரு பங்கு ஆகாது. ஆறரை லட்சத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். 123 டன் என்பது வெறும் 187 கிராம்! 20 டன் எடையுள்ள ஒரு குட்டி இன்ஜின் என்றால் 30 கிராம். ஒரு கைப்பிடிப் பொரிகடலை.

பெரிய மாடல்களில் உள்ளே உலோகக் கட்டியை வைத்து எடையைக் கூட்டிவிடுவார்கள். குட்டி இன்ஜினில் மோட்டார் வைக்கவே இடம் போதாது. ஆக, மேஜை மேல் எது சின்னதோ அதற்குத்தான் அதிகக் கஷ்டம். மொரப்பூர் ரயிலைச் செய்ய ஆசைப்படுகிறவர், மாடல் உலகத்திலேயே கடினமான ஒன்றுக்கு ஆசைப்படுகிறார்.

குற்றவாளி இன்ஜின் இல்லை!

நின்றுபோன மாடல் இன்ஜின்களில் பலவற்றுக்கு உள்ளே எந்தப் பழுதும் இருக்காது. பழுது, பாதையிலும் பராமரிப்பிலும் இருக்கும். வீட்டில் ஒரு மாடல் ரயில் தூங்கிக்கொண்டிருந்தால், இந்த வரிசையில் பார்க்கலாம்.

முதலில் தண்டவாளம். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் கறுப்பாக ஒட்டும். தூசு, எண்ணெய், சக்கரம் பொறி விடும்போது உண்டாகும் உலோகக் கரி எல்லாம் சேர்ந்த கலவை அது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் லேசாக நனைத்துத் துடைத்தால் போய்விடும். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். அது போடும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு குடியேறும். தண்டவாளம் பித்தளை என்றால் சீக்கிரம் மங்கி, மின்சாரத்தைத் தடுக்கும். ‘நிக்கல் சில்வர்’ என்றால் நல்லது. பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும்.

அடுத்து சக்கரம். தண்டவாளத்தைத் துடைத்துவிட்டுச் சக்கரத்தை விட்டுவிட்டால், முதல் சுற்றிலேயே பழைய அழுக்கு திரும்பிவிடும். பெட்டிகளின் பிளாஸ்டிக் சக்கரங்களும் அழுக்கைப் பூசிக்கொண்டே போகும். உலோகச் சக்கரத்துக்கு மாற்றினால் பாதி வேலை குறையும்.

மூன்றாவது, எத்தனை சக்கரம் மின்சாரம் வாங்குகிறது என்று பாருங்கள். நான்கே சக்கரமுள்ள குட்டி இன்ஜின், தண்டவாளம் பிரியும் இடத்தில் உள்ள பிளாஸ்டிக் துண்டைக் கடக்கும்போது ஒரு கணம் பட்டினி கிடக்கும். அங்கேயே நின்றுவிடும். சில இன்ஜின்களில் இழுவைக்காகச் சக்கரத்தில் ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். பிடிப்பு கூடும். ஆனால், ரப்பர் போட்ட சக்கரம் மின்சாரம் வாங்காது. இழுக்கும் பலம் வேண்டுமா, நிற்காத ஓட்டம் வேண்டுமா என்று தயாரிப்பாளர் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மாடல்காரர்கள் கண்டுபிடித்த வழிகள் ரசிக்கத்தக்கவை. பின்னால் வரும் பெட்டியின் சக்கரத்திலிருந்தும் மின்சாரம் எடுத்து, மெல்லிய ஒயரில் இன்ஜினுக்கு அனுப்புவார்கள். கணினிச் சில்லு வைத்த டிஜிட்டல் இன்ஜின்களில் சிறிய கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்ப்பார்கள். அழுக்கான இடத்தை அந்தச் சேமிப்பு தாண்டவைத்துவிடும். ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் வேறு வழியில் போனது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே வரிசையாகச் சிறு உலோகப் புள்ளிகளை வைத்து, இன்ஜினின் வயிற்றில் ஒரு நீண்ட சறுக்குப் பட்டையைப் பொருத்தியது. ஒரு புள்ளியை விட்டால் இன்னொன்றைத் தொட்டுக்கொண்டிருக்கும். இன்னும் சிலர், தண்டவாளமே வேண்டாம் என்று பேட்டரியை உள்ளே வைத்து ரேடியோவால் ஓட்டுகிறார்கள். சுற்றிச் சுற்றித் திருவிழாக் கடை ரயிலுக்கே வந்துவிட்டார்கள்!

தேங்காய் எண்ணெய் வேண்டாம்

இன்ஜினின் உள்ளே வரும் பழுதுகளும் உண்டு. மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, சக்கரம் அசையவில்லை அல்லது ‘டிக் டிக்’ என்று நொண்டிக்கொண்டு போகிறது என்றால், பல்சக்கரத்தைப் பாருங்கள். உலோக அச்சில் இறுக்கிச் செருகிய பிளாஸ்டிக் பல்சக்கரம், வருடங்கள் போகப் போக விரிசல் விடும். ஓட்டாமல் வைத்திருந்தாலும் விடும். கோடைக்காலத்தில் ஓட்டுக்குக் கீழே உள்ள பரண் எவ்வளவு கொதிக்கும் என்று தருமபுரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்ஜினை அங்கே வைக்காமல், அறையிலேயே ஓர் அலமாரியில் வைப்பது உத்தமம்.

அடுத்த தவறு, பாசத்தில் செய்வது. ‘இறுகிப்போச்சு’ என்று நினைத்து, தலைக்குத் தடவும் தேங்காய் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுவிடுவார்கள். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைவதைப் பார்த்திருப்போம். இன்ஜினுக்குள்ளும் அதே கதிதான். நாள்பட்டால் பிசினாகித் தூசைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்குத் தீங்கு செய்யாத மெல்லிய எண்ணெய் என்று குறிப்பிட்டு விற்பதை வாங்கி, ஊசி முனையில் ஒரு சொட்டு எடுத்து அச்சில் வைத்தால் போதும். அதிகமாக விட்டால் வழிந்து சக்கரத்துக்கும் அங்கிருந்து தண்டவாளத்துக்கும் வந்து, முதல் பிரச்னையைத் திரும்பக் கூட்டிவரும்.

மிகப் பழைய இன்ஜின்களில் இன்னொரு நோய் உண்டு. 1920, 30-களில் துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்களில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால், பல ஆண்டுகள் கழித்து உலோகமே ஊதி, வெடித்து, மாவாக உதிரும். துடைத்தாலும் எண்ணெய் விட்டாலும் தீராது. அந்தக் கலவையை மிகச் சுத்தமான துத்தநாகத்தில் செய்தால்தான் இது வராது என்று பின்னால் தெரிந்துகொண்டார்கள். ஆக, சில இன்ஜின்களின் ஆயுள், அவை பிறந்த அன்றே எழுதப்பட்டுவிடுகிறது. ஆனால், அப்படிப்பட்டவை கொஞ்சம்தான். மற்றவற்றின் ஆயுள் வீட்டில் இருப்பவர்களின் கையில்.

எல்லாவற்றையும்விட எளிய மருந்து ஒன்று இருக்கிறது. ஓட்டுவது! மாதம் ஒரு முறை பத்து, இருபது நிமிடம் முன்னும் பின்னும் ஓட்டினால் எண்ணெய் இறுகாது, மோட்டார் மங்காது. பூட்டி வைத்த மாடல்களைவிட அடிக்கடி ஓடும் மாடல்கள் நன்றாக இருப்பதில் ஆச்சர்யம் இல்லை.

பெரிய ரயிலுக்கும் இதே விதிதான்

அளவு மாறினாலும் விதி மாறுவதில்லை. மொரப்பூரைக் கடக்கும் மின்சார இன்ஜின்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருப்பதில்லை. ஈரோடு, அரக்கோணம் போன்ற ஊர்களில் உள்ள லோகோ ஷெட்டுகளில், குறிப்பிட்ட இடைவெளியில் நிறுத்தி, பிரித்துப் பார்த்து, தேய்ந்ததை மாற்றி அனுப்புகிறார்கள். பழுதான பிறகு பார்ப்பது அல்ல, பழுதாவதற்கு முன்பே பார்ப்பது.

நீராவிக் காலத்தில் இந்த வேலை இன்னும் அதிகம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு படியுமே, அதுவேதான் பாய்லருக்குள்ளும் படியும். அதைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். விடியற்காலையில் முதல் வண்டி கிளம்ப வேண்டும் என்றால், அதற்குப் பல மணி நேரம் முன்பே ஒருவர் வந்து நெருப்பு மூட்ட வேண்டும்.

ஊட்டி மலை ரயில் இதற்குக் கண்ணெதிரே உள்ள சாட்சி. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு 46 கி.மீ. பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏறும் செங்குத்தான சரிவு. சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட நீராவி இன்ஜின்கள் பல்சக்கரத்தால் மலையைக் கவ்விக்கொண்டு ஏறின. அந்த வகை இன்ஜினுக்கு உதிரிபாகம் உலகில் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனாலும் ரயில் நிற்கவில்லை. திருச்சி பொன்மலைப் பணிமனையின் தொழிலாளர்கள் பாகங்களைச் செய்தார்கள். பிறகு புதிய நீராவி இன்ஜின்களையே கட்டிக் கொடுத்தார்கள், அதுவும் இந்த நூற்றாண்டில்! 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் அந்த ரயில் இடம்பிடித்தது.

ஆஸ்திரியாவில் ஓர் அண்ணன்

மொரப்பூர் ரயிலுக்கு ஏறத்தாழ இரட்டைப் பிறவி என்று சொல்லத்தக்க ஒரு ரயில் ஆஸ்திரியாவில் இருக்கிறது. பெயர் ‘சில்லர்டால் பான்’. பெரிய ரயில் நிற்கும் யென்பாக் நிலையத்திலிருந்து பிரிந்து, மலைப் பள்ளத்தாக்கு வழியே மயர்ஹோஃபன் என்ற ஊருக்குப் போகிறது. பாதையின் அகலம் 760 மி.மீ. மொரப்பூரைவிட 2 மி.மீ குறைவு. தூரம் சுமார் 32 கி.மீ. முழுப் பாதையும் திறக்கப்பட்டது 1902-ல். மொரப்பூருக்கு நாலு வருடம் மூத்தது.

அந்த ரயில் இன்றும் ஓடுகிறது. பள்ளத்தாக்கு மக்கள் தினசரி வேலைக்குப் போக அதில் ஏறுகிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காகப் பழைய நீராவி இன்ஜினையும் ஓட்டுகிறார்கள். மாடல் கடையில் 9 மி.மீ தண்டவாளத்துக்கான இன்ஜின் கேட்டால், கையில் கிடைப்பது இத்தகைய ஆஸ்திரியக் குட்டி இன்ஜின்களின் மாடலாக இருக்க வாய்ப்பு அதிகம். நிஜ ரயில் ஓடுவதால் அதன் மாடலும் விற்கிறது. மாடல் வாங்கிய குழந்தை, வளர்ந்து நிஜ ரயிலைப் பார்க்கப் போகிறது.

இரண்டு ரயில்களுக்கும் அகலம், தூரம், வயது எல்லாம் ஏறக்குறைய ஒன்று. ஒன்றின் பாதையைப் பேணினார்கள். இன்னொன்றின் பாதையைப் பெயர்த்தார்கள். இன்ஜின் பழுதானால் இன்னொரு இன்ஜினைக் கொண்டுவந்து நிறுத்தலாம். பாதையே போய்விட்டால் எந்த இன்ஜினாலும் எதுவும் செய்ய முடியாது. மேஜை மேல் நின்றுபோகும் மாடலும் அதையேதான் சொல்கிறது.

மறுபடியும் ஜங்ஷன்?

பெயர்த்த பாதை திரும்ப வேண்டும் என்பது இந்த மாவட்டத்தின் பழைய கோரிக்கை. தேர்தல்தோறும் ஒலித்த அந்தக் கோரிக்கைக்கு 2016-17 ரயில்வே பட்ஜெட்டில் இடம் கிடைத்தது. மொரப்பூர் - தருமபுரி இடையே 36 கி.மீ புதிய அகலப் பாதை. 2019 மார்ச் மாதத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. இந்த முறை இரண்டரை அடி இல்லை, முழு அகலம். அது முடிந்தால், தருமபுரியில் ஏறி மொரப்பூர் வழியாகச் சென்னைக்கு ரயிலிலேயே போகலாம். மொரப்பூர் மறுபடியும் ஜங்ஷன் ஆகும்.

அதுவரை, அந்த ஊருக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். பிளாட்பாரத்தின் முனையில் நின்று, தண்டவாளத்தைப் பார்க்கலாம். நாள் முழுக்கச் சக்கரம் ஓடும் மேற்பரப்பு மட்டும் கண்ணாடி மாதிரி பளபளக்கும். பக்கவாட்டில் துருவின் பழுப்பு. ஓடுவதுதான் அதைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது.

வீடு திரும்பியதும் பரணில் இருக்கும் அந்த அட்டைப்பெட்டியை இறக்கலாம். ஒரு பழைய பனியன் துணி, கொஞ்சம் ஆல்கஹால், ஒரு சொட்டு எண்ணெய், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்தில் ஒரு பேரனோ பேத்தியோ இருந்தால் இன்னும் நல்லது. தண்டவாளத்தைத் துடைக்கும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். இன்ஜின் நகரும்போது, இரண்டரை அடிப் பாதையில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குப் போன ரயிலின் கதையையும் சொல்லுங்கள்.